டைனமோ சார்ஜ் ஏற்றவில்லை: பிரித்துப் பார்ப்பதா, மாற்றுச் சரக்கா, புதுசா, புதுப்பேட்டையா?

ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு எரிகிறது. எப்படியோ வீடு வந்து சேர்ந்துவிடுகிறீர்கள். மறுநாள் காலையில் சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்' சத்தம் மட்டும்தான். மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, "டைனமோ போயிடுச்சு சார்" என்கிறார். குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. அவர் ஒரு தொகை சொல்கிறார். கம்பெனி சர்வீஸில் அதைப்போல் பல மடங்கு சொல்கிறார்கள். சென்னைப் புதுப்பேட்டையில், பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் சந்தையில், சும்மா கொடுப்பான் என்கிறார் மச்சான். பக்கத்து வீட்டுக்காரர், முதலில் பேட்டரியை மாற்றிப் பாருங்கள் என்கிறார்.

சமீபத்தில் என்னிடம் கேட்டவர்களில் இரண்டு பேரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒருவர் திருச்சிக்காரர். 2011 மாடல் சின்ன பெட்ரோல் கார், ஊருக்குள் மட்டும் ஓடுகிறது, இன்னும் இரண்டு வருடத்தில் விற்றுவிடும் எண்ணம். இன்னொருவர் சென்னையில் இருக்கிறார். 2018 டீசல் வண்டி, மாதம் ஒருமுறை குடும்பத்தோடு திருநெல்வேலிக்கு இரவுப் பயணம். இரண்டு பேருக்கும் ஒரே பழுது, ஆனால் ஒரே பதில் பொருந்தாது.

எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்கும் இந்தக் கருவிக்கு முறையான பெயர் ஆல்டர்னேட்டர். டைனமோ என்பது அதற்கு முந்தைய தலைமுறைக் கருவி. ஆனால் நம் ஊர்ப் பட்டறைகளில் டைனமோ என்றால்தான் புரியும் என்பதால் இரண்டு பெயரையும் மாற்றி மாற்றித்தான் எழுதப்போகிறேன்.

## முதலில் பேட்டரி ஆசையை விடுங்கள்

பேட்டரியை மாற்றிப் பார்ப்பது எல்லாருக்கும் முதலில் தோன்றும் வழி. நானும் அப்படித்தான் ஏமாந்தேன். கடைக்காரர் புதுப் பேட்டரியை மாட்டினார், வண்டி ஒரே அடியில் ஸ்டார்ட் ஆனது, சந்தோஷமாகக் காசு கொடுத்துவிட்டு வந்தேன். நான்காம் நாள் உளுந்தூர்பேட்டை தாண்டி வண்டி நின்றது. புதுப் பேட்டரி முழுச் சார்ஜோடு வந்ததால் மூன்று நாள் அதை வைத்தே வண்டி ஓடியிருக்கிறது. டைனமோ ஒரு சொட்டுகூடக் கொடுக்கவில்லை.

கணக்கு எளிது. சின்ன கார்களில் இருப்பது 35 ஆம்பியர்-அவர் பேட்டரி. இரவில் இரண்டு ஹெட்லைட்டும் (55 வாட் பல்ப் என்றால்) சேர்ந்து 9 ஆம்பியர் இழுக்கும். பெட்ரோல் பம்ப், இக்னிஷன், ஈசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி), அவ்வப்போது சுற்றும் ரேடியேட்டர் ஃபேன் எல்லாம் சேர்த்தால் 20 ஆம்பியரைத் தொட்டுவிடும். பேட்டரி அடிமட்டம் வரை வற்றும் முன்பே எஞ்சின் எலெக்ட்ரானிக்ஸ் தடுமாற ஆரம்பிக்கும். அதனால் இரவில் ஒரு மணி நேரம் தாங்கினாலே அதிர்ஷ்டம். பகலில் ஏசி, புளோயர், பாட்டு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஓட்டினால் கொஞ்சம் கூட வரும். சிவப்பு விளக்கு எரியும்போது நடுவில் எஞ்சினை அணைக்காமல், பக்கத்தில் எந்தப் பட்டறை இருக்கிறதோ அங்கே நேராகப் போவதுதான் சரி. ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு: வெப்பமானி முள்ளும் ஏறினால் உடனே ஓரம்கட்டி அணைத்துவிட வேண்டும். பெல்ட் அறுந்திருக்கலாம், அதே பெல்ட்டில்தான் பல வண்டிகளில் வாட்டர் பம்ப்பும் ஓடுகிறது.

## எதை வைத்து ஒப்பிடுவது

விலையை மட்டும் வைத்து ஒப்பிட்டால் எப்போதும் பழைய இரும்புக் கடைதான் ஜெயிக்கும். நான் பார்ப்பது இவற்றை:

- டைனமோவுக்குள் எந்தப் பாகம் போயிருக்கிறது, அல்லது பழுது டைனமோவுக்கு வெளியே இருக்கிறதா
- வண்டியை இன்னும் எத்தனை வருடம் வைத்திருப்பீர்கள், இரவில் நெடுஞ்சாலையில் ஓட்டுவீர்களா
- வண்டி இல்லாமல் எத்தனை நாள் சமாளிக்க முடியும்
- சார்ஜிங்கை ஈசியு கட்டுப்படுத்தும் வண்டியா, தனக்குள்ளேயே ரெகுலேட்டர் (சார்ஜ் வோல்டேஜை அளவோடு நிறுத்தும் பாகம்) வைத்திருக்கும் பழைய மாதிரியா
- மொத்தத்தில் எத்தனை தடவை டைனமோவைக் கழற்ற வேண்டியிருக்கும்

கடைசியில் சொன்னதுதான் என் கணக்கில் முதலிடம். கழற்றி மாட்டும் கூலி எந்த வழியில் போனாலும் ஒன்றுதான். சில வண்டிகளில் அரை மணி நேர வேலை, சிலவற்றில் பம்பரை இறக்கி, ஏசி கம்ப்ரஸரை நகர்த்தி, கீழிருந்து எடுக்க வேண்டும். அரை நாள் போய்விடும். மலிவான வழியைத் தேர்ந்தெடுத்து ஆறு மாதத்தில் மறுபடி கழற்றினால் அந்தக் கூலி இரண்டாகிவிடும், டோவிங் வண்டிக் காசு தனி.

## இருபது நிமிடச் சோதனை

எந்த வழி என்று முடிவெடுக்கும் முன் சில நூறு ரூபாய் மல்டிமீட்டர் ஒன்றை வாங்கிவிடுங்கள். இதற்கு வேறு எதுவும் வேண்டாம். ஓடும் எஞ்சின் பக்கத்தில் நிற்கும்போது வேட்டி நுனி, துப்பட்டா, தொங்கும் வயர் எதுவும் பெல்ட் பக்கம் போகக்கூடாது.

வண்டி ஒரு மணி நேரமாவது ஓய்ந்திருக்கும்போது பேட்டரி முனைகளில் அளந்தால் 12.6 வோல்ட் இருந்தால் நிறைந்த பேட்டரி. 12.0 என்றால் கிட்டத்தட்டக் காலி. ஸ்டார்ட் செய்த பிறகு 13.8 முதல் 14.5 வரை ஏற வேண்டும். ஹெட்லைட், புளோயர் எல்லாவற்றையும் போட்டு, ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் மிதித்து, அப்போதும் 13.5-க்குக் கீழே இறங்காமல் நின்றால் டைனமோ நன்றாக இருக்கிறது. சந்தேகத்தைப் பேட்டரி பக்கம் திருப்பலாம். 12 சொச்சத்திலேயே நின்று மெதுவாக இறங்கிக்கொண்டே போனால் சார்ஜ் வரவில்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டு அளவுக்கு மேல் ஏற்றுகிறது. அதுவும் ஆபத்துதான், பேட்டரி கொதித்து ஆசிட் வெளியே வரும்.

புதிய வண்டிகளில் ஒரு சிக்கல் உண்டு. மைலேஜுக்காக ஈசியுவே சார்ஜைக் குறைத்தும் கூட்டியும் விளையாடும். பேட்டரி நிறைந்திருந்தால் ஓடும்போது 12.8 என்று காட்டக்கூடும், அது பழுதாக இருக்க வேண்டியதில்லை. ஹெட்லைட்டைப் போட்டால் பொதுவாக 14 பக்கம் ஏறிவிடும். ஏறவில்லை என்றால்தான் கவலை.

சார்ஜ் வரவில்லை என்று தெரிந்த பிறகும் டைனமோவைக் குற்றம் சொல்ல அவசரப்படாதீர்கள். பெல்ட் தளர்ந்திருக்கிறதா, எண்ணெய் பட்டு வழுக்குகிறதா என்று பாருங்கள். பல டீசல் வண்டிகளில் டைனமோ புல்லிக்குள் (பெல்ட் ஓடும் சக்கரத்துக்குள்) ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும் கிளட்ச் இருக்கிறது. அது தேய்ந்து இரண்டு பக்கமும் வழுக்க ஆரம்பித்தால் புல்லி சுற்றும், உள்ளே சுழல வேண்டிய பாகமான ரோட்டர் சரியாகச் சுற்றாது. புல்லியை மட்டும் மாற்றினால் போதும்.

அடுத்து, டைனமோவின் பின்பக்கம் தடித்த வயர் மாட்டியிருக்கும் போல்ட்டில் அளந்து பாருங்கள். அங்கே 14-க்கு மேல் வந்து, பேட்டரியில் 12 மட்டும் இருந்தால் நடுவில் இருக்கும் பெரிய ஃபியூஸோ வயரோ போயிருக்கிறது. அடுத்ததாக, எல்லா விளக்கும் எரியும்போது பேட்டரியின் மைனஸுக்கும் டைனமோ உடலுக்கும் நடுவே அளந்தால் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது. காட்டினால் எர்த் வயர் துருப்பிடித்திருக்கிறது. இந்த இரண்டு பழுதுக்கும் புது டைனமோ வாங்கி மாட்டிவிட்டு, அப்புறமும் சார்ஜ் ஏறாமல் விழித்தவர்கள் எனக்குத் தெரிந்தே உண்டு.

சாவியை ஆன் செய்து, ஸ்டார்ட் செய்யாமல் டேஷ்போர்டைப் பாருங்கள். சிவப்பு பேட்டரி விளக்கு எரிய வேண்டும். பழைய முறை வண்டிகளில் இந்த விளக்கு வழியாகத்தான் ரோட்டர் சுருளுக்கு முதல் மின்சாரமே போகிறது. அது காந்தமானால்தான் டைனமோ விழித்துக்கொள்ளும். விளக்கே எரியவில்லை என்றால் பல்ப் போயிருக்கலாம், சின்ன பிளக் கழன்றிருக்கலாம், அல்லது ரோட்டரோடு உரசி அதற்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்து அதைத் தொடாமல் நிற்கலாம். ஸ்டார்ட் ஆன பிறகும் மங்கலாக மினுங்கிக்கொண்டிருந்தால் டயோடு (டைனமோவின் மாறுமின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்ற நேர்மின்சாரமாக்கும் பாகம்) மேல் சந்தேகம். மீட்டரை ஏசி (மாறுமின்சார) வோல்ட்டில் வைத்து, எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் அளந்து பார்த்தால் அது உறுதியாகிவிடும், 0.5-க்கு மேல் காட்டினால் டயோடு ஒன்று செத்திருக்கிறது. இரவில் நிறுத்தி வைத்த வண்டியில் பேட்டரி இறங்குவதும் அதே டயோடு வழியாகக் கசிவதால் இருக்கலாம்.

பழைய எலக்ட்ரீஷியன்கள் செய்யும் ஒரு வித்தை: எஞ்சின் ஓடும்போது டைனமோ உடம்பில் ஸ்க்ரூடிரைவர் மரப்பிடியால் மெல்லத் தட்டுவார்கள். உடனே சார்ஜ் வந்து, கொஞ்ச நேரத்தில் மறுபடி போனால் கார்பன் பிரஷ் கடைசி மூச்சில் இருக்கிறது என்று அர்த்தம். அவர்கள் செய்யும் இன்னொரு வித்தையை மட்டும் அனுமதிக்காதீர்கள். எஞ்சின் ஓடும்போதே பேட்டரி வயரைக் கழற்றி, "நின்னா டைனமோ அவுட்டு" என்பார்கள். ஆல்டர்னேட்டருக்கு முந்தைய, நிஜ டைனமோ காலத்து வண்டிகளில் அது நடந்தது. ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருக்கும்போது பேட்டரியைப் பிரித்தால் வோல்டேஜ் ஒரு நொடியில் பல மடங்கு எகிறும். டைனமோ செலவைப் பார்க்க வந்தவர் ஈசியு செலவையும் பார்க்க வேண்டியிருக்கும்.

## வழி 1: கழற்றி, போன பாகத்தை மட்டும் மாற்றுவது

டைனமோவுக்குள் தேய்கிற பொருட்கள் அதிகம் இல்லை. இரண்டு பேரிங், இரண்டு கார்பன் பிரஷ், பிரஷ் உரசுகிற ஸ்லிப் ரிங். கெடக்கூடிய எலெக்ட்ரானிக் பாகங்கள் இரண்டு: ரெகுலேட்டர் (பட்டறையில் ஐசி அல்லது கட்-அவுட் என்பார்கள்), டயோடு பிளேட். மீதி எல்லாம் இரும்பும் செம்புக் கம்பியும்.

பிரஷ் நீளம் 5 மில்லிமீட்டருக்குக் கீழே வந்துவிட்டால் மாற்ற வேண்டியதுதான். ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டிய வண்டிகளில் சார்ஜ் நிற்க இது பெரிய காரணம், செலவோ சில நூறுகளில்தான். பல மாடல்களில் பிரஷும் ரெகுலேட்டரும் ஒரே பெட்டியாக பின்பக்கம் இரண்டு மூன்று ஸ்க்ரூவில் நிற்கும். அதிர்ஷ்டம் இருந்தால் டைனமோவை இறக்காமலே மாற்றிவிடலாம். பேரிங்கும் அப்படித்தான். பழைய பேரிங் மேலேயே 6203, 6303 மாதிரி எண் பொறித்திருக்கும், நல்ல கம்பெனி சரக்கை நீங்களே வாங்கிக் கொடுக்கலாம்.

மறைந்திருக்கும் செலவு எங்கே என்றால், ரெகுலேட்டர் தரத்தில். என் உளுந்தூர்பேட்டைக் கதையின் இரண்டாம் பாகம் இது. பிரஷோடு சேர்த்து ரெகுலேட்டரையும் மாற்றிய பட்டறை, பெயரில்லாத ஒன்றைப் போட்டுக் கொடுத்தது. இரண்டு மாதம் கழித்து பேட்டரி பக்கம் அழுகிய முட்டை வாடை. அளந்தால் 15.6. அந்தப் புதுப் பேட்டரியும் போனது. ரெகுலேட்டரில் மிச்சம் பிடித்த காசைவிடப் பத்து மடங்கு. அதற்கப்புறம் எந்தப் பாகம் போடுகிறார்கள் என்று பெட்டியைப் பார்க்காமல் நான் விடுவதில்லை.

இன்னொரு செலவு, பாதி வேலை. பிரஷை மட்டும் மாற்றி மாட்டிவிட்டால் அதே வயதுள்ள பேரிங் அடுத்த மழைக்காலத்தில் உறும ஆரம்பிக்கும். கழற்றியதோடு கழற்றியதாக இரண்டு பேரிங், பிரஷ், தேவைப்பட்டால் பெல்ட் எல்லாவற்றையும் மாற்றச் சொல்வதுதான் லாபம். ஸ்லிப் ரிங்கில் ஆழமாகப் பள்ளம் விழுந்திருந்தால் புது பிரஷும் சீக்கிரம் போகும், அதை லேத்தில் கடைந்தாக வேண்டும் அல்லது ரிங்கையே மாற்ற வேண்டும்.

உள்ளே வார்னிஷ் கருகிய வாடை வந்து, செம்புக் கம்பி கறுத்திருந்தால் இந்த வழியை விட்டுவிடலாம். ரீவைண்டிங் செய்து தருகிறேன் என்பார்கள். வீட்டு மோட்டாருக்கு அது சரி. கார் ஆல்டர்னேட்டர் எஞ்சின் வேகத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு வேகத்தில், எஞ்சின் சூட்டின் பக்கத்திலேயே சுற்றுகிறது. கையால் சுற்றிய சுருள் அதில் நாள்பட நின்று நான் பார்த்ததில்லை.

திருச்சி நண்பர் மாதிரி ஊருக்குள் ஓட்டுபவருக்கு, ரெகுலேட்டர் உள்ளேயே இருக்கும் பழைய மாடலுக்கு, பழுது பிரஷ் அல்லது பேரிங் என்று தெரிந்தால் இதைவிட நல்ல வழி கிடையாது.

## வழி 2: பழையதைக் கொடுத்து, ரீகண்டிஷன் செய்ததை வாங்குவது

ரீகண்டிஷன் என்றால் பழைய டைனமோவைப் பிரித்து, போன பாகங்களை மாற்றித் திரும்பக் கோர்த்தது. ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடைகளில் வெள்ளிப் பெயின்ட் அடித்துப் பளபளவென்று அடுக்கியிருப்பார்கள். உங்களுடையதைக் கொடுத்துவிட்டுக் கூட ஒரு தொகை போட்டால் ஒரு மணி நேரத்தில் வண்டி ஓடும். புதுசின் விலையில் சுமார் பாதி என்று வைத்துக்கொள்ளலாம், ஊருக்கும் மாடலுக்கும் தகுந்தபடி மாறும்.

நேரம்தான் இதன் பெரிய பலம். டாக்ஸி ஓட்டுபவருக்கு ஒரு நாள் வண்டி நின்றால் ஒரு நாள் வருமானம் போச்சு. அவருக்கு இது சரி.

ஆனால் பெயின்ட்டுக்குள்ளே என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் கொடுத்துவிட்டு வருவது கம்பெனியிலிருந்து வந்த, கருகாத, நல்ல சுருள் உள்ள டைனமோவாக இருக்கலாம். கையில் வாங்குவது ரீவைண்ட் செய்ததாக இருக்கலாம். ஆம்பியர் அளவும் ஏமாற்றும். ஒரே உடம்பில் 55 ஆம்பியரும் வரும், 75 ஆம்பியரும் வரும். குறைந்த அளவு உள்ளதை மாட்டிவிட்டால் பகலில் எதுவும் தெரியாது. மழை இரவில் வைப்பர், ஹெட்லைட், ஏசி எல்லாம் ஒன்றாக ஓடும்போதுதான் பேட்டரி இறங்கும்.

அதனால் ஒரு நடு வழி சொல்கிறேன். அவசரம் இல்லையென்றால் "மாற்றிக்கொடுக்க வேண்டாம், என்னுடையதையே ரீகண்டிஷன் செய்து கொடுங்கள்" என்று கேளுங்கள். ஒன்றிரண்டு நாள் ஆகும், சுருள் உங்களுடையதாகவே இருக்கும். சோதனை மேசையில் மாட்டி, எத்தனை ஆம்பியர் கொடுக்கிறது என்று கண் முன்னால் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம்.

## வழி 3: புதுசு

இதிலும் இரண்டு பெட்டி இருக்கிறது. கார் கம்பெனிகள் பொதுவாக ஆல்டர்னேட்டரைத் தாங்களே செய்வதில்லை. சென்னை பாடியில் 1961-ல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ், டென்சோ, வேலியோ மாதிரியான கம்பெனிகள் செய்து கொடுக்கின்றன. அதே சரக்கு கார் கம்பெனி பெயர் போட்ட பெட்டியிலும் வரும், செய்தவர் பெயர் போட்ட பெட்டியிலும் வரும். இரண்டாவது பெரும்பாலும் விலை குறைவு. உங்கள் பழைய டைனமோ மேல் ஒட்டியிருக்கும் லேபிளில் செய்தவர் பெயரும் பார்ட் நம்பரும் இருக்கும், அதைப் படம் எடுத்துக்கொண்டு டீலர் கடையில் கேளுங்கள். பாஷ் என்று எழுதிய பழையதற்கு மாற்றாக எஸ்இஜி என்ற பெயரில் பெட்டி வந்தால் டூப்ளிகேட் என்று பயப்பட வேண்டாம். பாஷ் தன் ஸ்டார்ட்டர், ஜெனரேட்டர் பிரிவை விற்ற பிறகு 2018 முதல் அந்தத் தொழில் எஸ்இஜி ஆட்டோமோட்டிவ் என்ற பெயரில் நடக்கிறது.

விலைக் கேள்விக்கு ஒரு சின்னத் தகவல்: 2025 செப்டம்பர் 22 முதல் கார் பாகங்களுக்கான ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகிவிட்டது. அதற்கு முன்னால் யாரோ கொடுத்த கொட்டேஷனை வைத்துக்கொண்டு புதுசை ஒதுக்கிவிடாதீர்கள், மறுபடி கேட்டுப் பாருங்கள்.

மறைந்த செலவு இங்கேயும் உண்டு. ஸ்டாக் இல்லையென்றால் நாட்கணக்கில் காத்திருக்க வேண்டும். வாரண்டி பாகத்துக்கு மட்டுமா, கழற்றி மாட்டும் கூலிக்கும் சேர்த்தா என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். அப்புறம், முழுக்க இறங்கிய பேட்டரியோடு புது டைனமோவை மாட்டி ஓட்டக்கூடாது. பேட்டரியைச் சார்ஜ் போடும் வேலை முழுவதும் டைனமோ தலையில் விழுந்து, முதல் நாளே சூடேறி அவதிப்படும். முந்தின இரவு பேட்டரியைத் தனியாகச் சார்ஜரில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். அடிக்கடி தரைமட்டத்துக்கு இறங்கிய பேட்டரி என்றால் அதையும் சோதிக்க வேண்டும். பழுதின்போது நாலைந்து தடவை ஜம்ப் ஸ்டார்ட் செய்து ஓட்டியவர்களுக்குப் பேட்டரிச் செலவும் சேர்ந்தே வரும்.

திருநெல்வேலிக்கு இரவில் போகும் நண்பருக்கு நான் இதைத்தான் சொன்னேன். நடு ராத்திரியில் திருச்சிக்கும் மதுரைக்கும் நடுவே குழந்தைகளோடு நிற்கும் செலவை எந்தப் பட்டறை பில்லிலும் போட மாட்டார்கள். ஈசியு கட்டுப்படுத்தும் சார்ஜிங் உள்ள வண்டிகளுக்கும் புதுசுதான் நிம்மதி. அவற்றில் சாதாரண ரெகுலேட்டர் போட்ட மாற்றுச் சரக்கை மாட்டினால் ஈசியு பேச்சைக் கேட்காது, விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்.

## வழி 4: பழைய இரும்புச் சந்தை

சென்னைக்காரர்களுக்குப் புதுப்பேட்டை. மற்ற பெரிய ஊர்களிலும் இப்படி ஒரு தெரு இருக்கும். வண்டியைப் பிரித்து எடுத்த அசல் கம்பெனி டைனமோ, விலை பேரம் பேசினால் இன்னும் இறங்கும்.

உற்பத்தி நின்றுபோன மாடல் வைத்திருப்பவர்களுக்குச் சில சமயம் இது ஒன்றுதான் வழி, அவர்களிடம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. மற்றவர்களுக்குச் சொல்வேன். அந்த டைனமோ எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று யாருக்கும் தெரியாது. சென்னையில் 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் வந்த 2023 டிசம்பரிலும் எத்தனை கார்கள் தண்ணீரில் நின்றன என்பதை நினைத்துப் பாருங்கள். பல வண்டிகளில் டைனமோ எஞ்சினின் கீழ்ப்பக்கம்தான் இருக்கிறது. சேற்றுத் தண்ணீர் புகுந்த பேரிங் கழுவித் துடைத்தால் ஒரு மாதம் நன்றாகத்தான் சுற்றும்.

வாங்கியே ஆக வேண்டும் என்றால் புல்லியைக் கையால் சுற்றிப் பாருங்கள், கரகரப்பு இருக்கக்கூடாது. அச்சை ஆட்டிப் பாருங்கள், ஆடக்கூடாது. பிளக்கின் முள் எண்ணிக்கையும் ஆம்பியர் லேபிளும் உங்களுடையதோடு ஒத்துப்போக வேண்டும். காற்றோட்ட இடுக்கு வழியாக டார்ச் அடித்தால் செம்புச் சுருள் தெரியும், கறுத்திருந்தால் அடுத்த கடைக்குப் போகலாம். வாங்கிய பிறகு நேராகக் காரில் மாட்டாமல் பேரிங்கும் பிரஷும் புதுசு போட்டு மாட்டினால் ஒருவிதத்தில் அது உங்கள் சொந்த ரீகண்டிஷன். அந்தச் செலவையும் கூட்டிப் பார்த்தால் வழி 2-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

புதுசின் விலையை 10 என்று வைத்துக்கொண்டால், நான் பார்த்த பில்களின்படி தோராயமாக இப்படி வரும். கூலி சேர்க்கவில்லை.

| | பாகம் மட்டும் | ரீகண்டிஷன் | புதுசு | பழைய சந்தை |
|---|---|---|---|---|
| சரக்குச் செலவு | 1 முதல் 3 | 4 முதல் 6 | 10 | 2 முதல் 4 |
| வண்டி நிற்கும் நேரம் | அரை நாள் முதல் 1 நாள் | சில மணி நேரம் | ஸ்டாக் இருந்தால் அரை நாள் | தேடி அலையும் நேரம் |
| மறுபடி கழற்றும் வாய்ப்பு | எல்லாத் தேய்பாகமும் மாற்றினால் குறைவு | கடையைப் பொறுத்தது | மிகக் குறைவு | அதிகம் |
| ஒளிந்திருக்கும் செலவு | மட்டமான ரெகுலேட்டர், பேட்டரி நாசம் | நல்ல சுருளை இழப்பது, ஆம்பியர் குறைவு | காத்திருப்பு, கூலிக்கு வாரண்டி இல்லாமை | வெள்ளத்தில் நின்ற சரக்கு |
| யாருக்கு | பிரஷ், பேரிங் பழுது, ஊருக்குள் ஓட்டம் | டாக்ஸி, அவசரக்காரர் | இரவு நெடுஞ்சாலை, ஈசியு சார்ஜிங், கருகிய சுருள் | உற்பத்தி நின்ற மாடல் |

டயோடு பிளேட் போன வண்டி வழி 1-க்கும் 2-க்கும் நடுவில் இருக்கிறது. அசல் பிளேட் கிடைத்தால் மாற்றலாம், கிடைக்காவிட்டால் உங்களுடையதையே முழு ரீகண்டிஷனுக்குக் கொடுப்பது நல்லது. மாருதியின் ஸ்மார்ட் ஹைப்ரிட் மாதிரி, ஸ்டார்ட்டரும் ஜெனரேட்டரும் ஒன்றாக இருக்கும் வண்டிகளுக்கு மேலே சொன்ன நான்கில் எதுவும் சரிப்படாது. அதைத் தெருவோரப் பட்டறையில் திறக்கவிடாமல் கம்பெனி சர்வீஸுக்கே கொண்டுபோங்கள்.

திருச்சி நண்பர் மீட்டர் வைத்துப் பார்த்தார். சாவியை ஆன் செய்தால் விளக்கு எரியவில்லை, மரப்பிடியால் தட்டினால் 14.1 வந்து போனது. பிரஷும் இரண்டு பேரிங்கும் மாற்றினார், ஒரு நாள் வேலை. சென்னை நண்பருக்குக் கடைசியில் நான் சொன்ன புது டைனமோ தேவைப்படவில்லை. அளந்து பார்த்ததில் புல்லி கிளட்ச் வழுக்கியிருக்கிறது, அதை மட்டும் மாற்றிவிட்டு ஊருக்குப் போய் வந்தார். சோதனைக்கு முன்னால் அறிவுரை சொன்ன தப்பு என்னுடையது.

எந்த வழியில் போனாலும், பட்டறையிலிருந்து வண்டியை எடுக்கும்போது காசு கொடுப்பதற்கு முன் மீட்டரைப் பேட்டரியில் வையுங்கள். ஹெட்லைட், புளோயர், வைப்பர் எல்லாம் ஓடட்டும். 13.5-க்குக் கீழே போகாமலும் 14.8-ஐத் தாண்டாமலும் ஐந்து நிமிடம் நின்றால் பில்லை வாங்கிக்கொண்டு, மாற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்பலாம்.